ஆர்எஃப்ஐடி டேகில் எழுத்தை எழுதுவதும் படிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்டுயினோவிலோ ராஸ்பெர்ரி பையிலோ ஆர்சி522 என்ற ஆர்எஃப்ஐடி ரீடரை மாட்டி, டேகின் யுஐடியை (அதன் அடையாள எண்ணை) படித்துப் பார்த்துவிட்டீர்கள். அடுத்து, அதே டேகுக்குள் ஒரு பெயரையோ ஒரு குறிப்பையோ எழுதி வைக்க வேண்டும், படிக்கும்போது அது எழுத்தாகவே திரும்பி வர வேண்டும். சிக்கல்கள் அங்கேதான் ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்தில் வழக்கமாக எழும் கேள்விகள் கீழே. பைட் மதிப்புகளைத் தசம எண்ணிலேயே கொடுத்திருக்கிறேன். ஹெக்ஸ் வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் 'ஹலோ' என்று எழுதினேன். படித்தால் 72, 101, 108, 108, 111 என்று வருகிறதே?

எழுதியது சரி, படித்ததும் சரி. திரையில் காட்டிய விதம்தான் தவறு. அந்த ஐந்து எண்களும் ஐந்து எழுத்துகளின் ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) மதிப்புகள். டேகுக்கு எழுத்து என்று ஒன்று தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். எந்தப் பைட் எந்த எழுத்து என்பது எழுதும் கோடும் படிக்கும் கோடும் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளுக்குக் காரணம், அந்த ஒப்பந்தத்தை யாரும் எழுதி வைக்காததுதான்.

ஆர்டுயினோவில் சீரியல் பிரிண்டுக்கு பைட் வகை மாறியைக் கொடுத்தால் அது எண்ணாகவே அச்சிடும். சீரியல் ரைட் பயன்படுத்துங்கள். பைட்டை அப்படியே அனுப்பும், சீரியல் மானிட்டர் அதை எழுத்தாகக் காட்டும். கேரக்டர் வகைக்கு மாற்றியும் அச்சிடலாம். ஆனால் தமிழ் எழுத விரும்பினால் சீரியல் ரைட்டே நல்லது.

எழுத்து வந்துவிட்டது. ஆனால் கடைசியில் இரண்டு குப்பை எழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறது.

அவை சிஆர்சி பைட்டுகள். மைஃபேர் டேகைப் (ஆர்சி522 உடன் பலரும் பயன்படுத்தும் வகை) படிக்கும் கட்டளை 16 பைட் தரவையும், பிழை சரிபார்க்க 2 பைட் சிஆர்சியையும் திருப்பித் தரும். அதனால்தான் ஆர்டுயினோ லைப்ரரி 18 பைட் பஃபர் கேட்கிறது. பஃபரின் அளவு 16 என்று கொடுத்தால் இடம் போதவில்லை என்ற பிழை வரும். 18 கொடுத்துவிட்டு 18ஐயும் அச்சிட்டால் குப்பை வரும். பஃபர் 18, அச்சிடுவது முதல் 16 மட்டும்.

குப்பை இரண்டு எழுத்தோடு நிற்காமல் நீண்டுகொண்டே போனால் காரணம் வேறு. பஃபரை அப்படியே சி மொழி ஸ்ட்ரிங்காக அச்சிட்டிருப்பீர்கள். முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட் அதில் இல்லாததால் பிரிண்ட் ஃபங்ஷன் அடுத்த நினைவகத்துக்குள் போய்விடுகிறது.

எல்லா டேகிலும் எழுதலாமா?

இல்லை. 125 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் இஎம்4100 வகை சாவிக்கொத்து டேக்கில் 64 பிட்தான் உண்டு, அதுவும் படிக்க மட்டும். ஆர்சி522 வேலை செய்வது 13.56 மெகாஹெர்ட்ஸில், எனவே அந்த டேகை அது பார்க்கவே பார்க்காது. 125 கிலோஹெர்ட்ஸில் எழுத வேண்டுமென்றால் டி5577 சிப் உள்ள டேகும் அதற்கான ரீடரும் வேண்டும். அதிலும் ஒரு முழு வாக்கியத்துக்கு இடம் இருக்காது.

13.56 மெகாஹெர்ட்ஸிலும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆர்சி522 பேசுவது ஐஎஸ்ஓ 14443 ஏ. நூலகப் புத்தகங்களில் ஒட்டும் ஐஎஸ்ஓ 15693 டேக் இதற்குப் பதில் சொல்லாது. பிஎன்5180 போன்ற ரீடர் வேண்டும். ரீடர் பதிலே சொல்லவில்லை என்றால், கோடைத் திருத்துவதற்கு முன் டேக் எந்த வகை என்று பாருங்கள்.

கையில் இருப்பது 14443 ஏ டேக்தான் என்றால், டேகைத் தேர்ந்தெடுக்கும்போது கிடைக்கும் எஸ்ஏகே (டேக் பதிலாக அனுப்பும் ஒரு பைட்) மதிப்பு வகையைச் சொல்லிவிடும். 8 என்றால் மைஃபேர் கிளாசிக் 1கே. 24 என்றால் 4கே. 0 என்றால் அல்ட்ராலைட் அல்லது என்டேக் குடும்பம்.

மைஃபேர் கிளாசிக்கில் எந்த பிளாக்கில் எழுதுவது?

1கே டேகில் 16 செக்டர். ஒவ்வொன்றிலும் 4 பிளாக். ஒரு பிளாக்குக்கு 16 பைட். மொத்தம் 1024. ஆனால் அத்தனையும் உங்களுக்கு இல்லை. பிளாக் 0 தயாரிப்பாளருக்கு உரியது, யுஐடி அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு செக்டரின் கடைசி பிளாக்கும், அதாவது 3, 7, 11 என்று 63 வரை, செக்டர் ட்ரெய்லர் (அந்த செக்டரின் கீகள் இருக்கும் இடம்). இவற்றைக் கழித்தால் 752 பைட் மிஞ்சும். முதல் செக்டரைத் தொடாமல் பிளாக் 4, 5, 6 அல்லது 8, 9, 10 என்று ஆரம்பிப்பது வழக்கம்.

4கே டேகில் கடைசி 8 செக்டர்களுக்கு 16 பிளாக் வீதம் இருக்கும். நான்கில் ஒன்றைத் தாண்டும் கணக்கு அங்கே செல்லாது.

தெரியாமல் ட்ரெய்லர் பிளாக்கில் பெயரை எழுதிவிட்டேன். என்ன ஆகும்?

பெரும்பாலும் அந்த செக்டர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லரின் முதல் 6 பைட் கீ ஏ, அடுத்த 4 பைட்டில் 3 அணுகல் பிட்டுகள் (எந்தக் கீயால் எதைச் செய்யலாம் என்று சொல்பவை), 1 உபரி, கடைசி 6 பைட் கீ பி. அணுகல் பிட்டுகள் நேராக ஒரு முறையும் தலைகீழாக ஒரு முறையும் பதிவாகியிருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் டேக் அந்த செக்டரை நிரந்தரமாகப் பூட்டிவிடும். ஒரு பெயரின் எழுத்துகள் தற்செயலாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

மற்ற செக்டர்களுக்கு ஒன்றும் ஆகாது. எழுதும் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே ஒரு தடுப்பு வையுங்கள்: பிளாக் எண்ணை 4ஆல் வகுத்தால் மீதி 3 வந்தால் எழுத மறுக்க வேண்டும், எண் 0 என்றாலும் மறுக்க வேண்டும். ஒரே வரிதான், ஆனால் இதைப் போட்டவர்கள் குறைவு.

எழுதும் கோடின் வரிசை என்ன?

புதிய டேக் வந்திருக்கிறதா என்று பார்ப்பது, யுஐடியைப் படித்துத் தேர்ந்தெடுப்பது, அந்த செக்டரின் கீயைக் கொடுத்து அங்கீகாரம் பெறுவது, 16 பைட்டை எழுதுவது, அதே பிளாக்கைத் திரும்பப் படித்து ஒப்பிடுவது, டேகை ஹால்ட் செய்வது (உறங்க வைப்பது), கடைசியாக கிரிப்டோ1ஐ (கிளாசிக் டேகின் மறையாக்க முறையை) நிறுத்துவது. புதிய டேகின் கீ பொதுவாக ஆறு பைட்டும் 255.

மூன்று இடங்களில் தடுக்கி விழுவார்கள். அங்கீகாரம் செக்டருக்குச் செக்டர் தனி. பிளாக் 6இலிருந்து 8க்குப் போனால் மறுபடி அங்கீகாரம் வேண்டும். ஒரு கீ தவறிவிட்டால் டேக் உரையாடலை முறித்துக்கொள்ளும், எனவே அடுத்த கீயை முயல்வதற்கு முன் டேகை மறுபடி எழுப்பித் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசி வரியில் கிரிப்டோ1ஐ நிறுத்த மறந்தால், முதல் டேக் ஒழுங்காகப் படிக்கும், இரண்டாவது டேகுக்கு ரீடர் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். ரீடர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்குபவர்களும் உண்டு.

பெயர் 16 பைட்டை விடக் குறைவு. மீதியை எதால் நிரப்புவது?

எழுதும் கட்டளை 16 பைட் முழுதாகத்தான் கேட்கும், எனவே எதையாவது நிரப்பியே ஆக வேண்டும். இடைவெளியால் நிரப்புவது பழைய பழக்கம். திரையில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கோடில் ஒப்பிடும்போது ஆங்கிலத்தில் எழுதிய 'குமார்' என்பதும் அதே 'குமார்' உடன் பதினோரு இடைவெளியும் வேறு வேறு. பூஜ்யத்தால் நிரப்பினால் எங்கே முடிகிறது என்று தெரியும்.

என் பரிந்துரை இரண்டும் இல்லை. முதல் பைட்டில் நீளத்தை எழுதுங்கள், அடுத்து எழுத்துகள், மீதி பூஜ்யம். படிக்கும்போது முதல் பைட்டைப் பார்த்து அத்தனை பைட் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முன்பு நீளமான பெயர் இருந்த டேகில் சின்னப் பெயரை எழுதினால் பழைய பெயரின் வால் தலைகாட்டும் தொல்லையும் இதில் இல்லை. நீளம் இருக்கும் இடத்தையும் மிஞ்சியதாக வந்தால், அது நம் டேக் இல்லை, அல்லது கெட்டுப்போனது என்று கோட் உடனே சொல்லிவிட முடியும்.

தமிழில் எழுத முடியுமா?

தாராளமாக. யுடிஎஃப்-8இல் (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டாக்கும் முறை) எழுதுங்கள். ஆனால் இடக் கணக்கை மறுபடி போட வேண்டும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் என்றால் தமிழ் யூனிகோடின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். கவனியுங்கள், எழுத்துக்கு அல்ல, குறியீட்டுக்கு. 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. பைட்டில் பதினைந்து:

224 174 164 | 224 174 174 | 224 174 191 | 224 174 180 | 224 175 141

ஆக ஒரு மைஃபேர் பிளாக்கில் 'தமிழ்' அடங்கி ஒரு பைட் மிச்சம். நீள பைட்டை அங்கே வைத்தால் கச்சிதமாக 16. 'தமிழகம்' என்றால் அடுத்த பிளாக்குக்குப் போக வேண்டியதுதான்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. தமிழ்க் குறியீடு எல்லாமே 224இல் ஆரம்பிக்கும், இரண்டாவது பைட் 174 அல்லது 175ஆக இருக்கும். டேகின் உள்ளடக்கத்தை எண்களாகக் கொட்டிப் பார்க்கும்போது 224 174 என்று திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே இருப்பது தமிழ் என்று கண்டுகொள்ளலாம்.

பல பிளாக்குகளில் பரவிய உரையைப் படிக்கும்போது ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியாக எழுத்தாக்காதீர்கள். 16ஐ 3ஆல் வகுத்தால் மீதி வரும் என்பதால் ஒரு குறியீட்டின் முதல் பைட் ஒரு பிளாக்கிலும் மீதி இரண்டு அடுத்ததிலும் விழும். எல்லா பைட்டையும் ஒரே பஃபரில் சேர்த்த பிறகு ஒரே தடவையாக எழுத்தாக்குங்கள்.

இன்னொன்று: 16க்கு 2 எல்சிடி திரையில் தமிழ் வராது, அதன் எழுத்து அட்டவணையிலேயே தமிழ் இல்லை. கோடை நோண்டிப் பயனில்லை.

பைத்தானில் தமிழ்ப் பெயரைக் கொடுத்ததும் என்கோட் எரர் வருகிறது.

ராஸ்பெர்ரி பையில் பலரும் பயன்படுத்தும் சிம்பிள் எம்எஃப்ஆர்சி522 வகுப்பு, உரையை 48 கேரக்டர் வரும்வரை இடைவெளியால் நிரப்பி, ஆஸ்கியாக மாற்றி, பிளாக் 8, 9, 10இல் எழுதுகிறது. ஆஸ்கியில் தமிழ் இல்லை, எனவே எரர்.

லைப்ரரிக்குள் போய் ஆஸ்கி என்ற சொல்லை மட்டும் யுடிஎஃப்-8 என்று மாற்றினால் எரர் போய்விடும், சிக்கல் போகாது. நிரப்புவது கேரக்டர் கணக்கில், டேகில் இருப்பது பைட் கணக்கில். 48 பைட்டைத் தாண்டியது சத்தமில்லாமல் வெட்டப்படும். முதலில் யுடிஎஃப்-8 பைட்டாக மாற்றிவிட்டு, அந்தப் பைட் வரிசையை 48 வரை நிரப்புவதுதான் முறை.

படிக்கும் பக்கமும் அப்படித்தான். அந்த வகுப்பு ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக மாற்றி ஒட்டுகிறது, எனவே தமிழ் இருந்த இடத்தில் தலைக்குமேல் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரும். லைப்ரரியைத் தொட விருப்பமில்லையென்றால், கிடைத்த ஸ்ட்ரிங்கை லத்தீன்-1ஆக என்கோட் செய்து, கிடைக்கும் பைட்டுகளை யுடிஎஃப்-8ஆக டிகோட் செய்யுங்கள். தமிழ் அப்படியே வரும்.

உரை இடத்தை விட நீளமாக இருந்தால் எங்கே வெட்டுவது?

பைட் எண்ணிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் கடைசிக் குறியீடு பாதியில் நிற்கும், டிகோட் செய்யும்போது எரரோ கேள்விக்குறிக் கட்டமோ வரும். வெட்டு விழும் இடத்துக்கு அடுத்த பைட்டைப் பாருங்கள். அது 128க்கும் 191க்கும் இடையில் இருந்தால் ஒரு குறியீட்டின் நடுவில் நிற்கிறீர்கள். அப்படி இல்லாத இடம் வரும்வரை பின்னால் நகருங்கள்.

தமிழுக்கு அது மட்டும் போதாது. குறியீட்டு எல்லையில் சரியாக வெட்டியும் 'மி' என்பது 'ம' ஆகலாம், 'ழ்' என்பது 'ழ' ஆகலாம். எரர் வராது, பெயர் மட்டும் மாறிப்போகும். அடுத்த குறியீடு உயிர்மெய்க் குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் இன்னும் ஒரு குறியீடு பின்னால் போங்கள். எனக்குக் கேட்டால், வெட்டுவதை விட இடம் போதவில்லை என்று சொல்லி எழுத மறுப்பதே மேல். ஆளின் பெயரை அரைகுறையாக எழுதி வைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

டேகில் இருக்கும் பெயரும் என் பட்டியலில் இருக்கும் பெயரும் பார்க்க ஒன்றுதான். ஆனால் ஒப்பிட்டால் வேறு என்கிறது.

ஒகரம் வரும் பெயரா? 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. முதலாவது 6 பைட், இரண்டாவது 9. திரையில் வித்தியாசமே தெரியாது. எழுதும் முன்பும் ஒப்பிடும் முன்பும் யூனிகோட் இயல்பாக்கம் செய்துவிடுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. சேர்த்தெழுதும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் இடமும் மிச்சம்.

நான் எழுதியதை போனை அருகில் கொண்டுபோனதும் காட்ட வேண்டும். ஏன் காட்ட மாட்டேன் என்கிறது?

போனுக்கு உங்கள் ஒப்பந்தம் தெரியாது. அதற்குத் தெரிந்தது என்டெஃப் என்ற பொது வடிவம். போன் படிக்க வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் மைஃபேர் கிளாசிக்கை விட்டுவிட்டு என்டேக் வாங்குங்கள். ஐபோன் கிளாசிக்கைப் படிக்காது; ஆண்ட்ராய்டில் அது போனில் இருக்கும் என்எஃப்சி சிப்பைப் பொறுத்தது.

என்டேகில் செக்டரும் இல்லை, கீயும் இல்லை. 4 பைட் கொண்ட பேஜ்கள்தான். எழுதுவது ஒரு தடவைக்கு ஒரு பேஜ். படித்தால் நான்கு பேஜ் சேர்ந்து 16 பைட்டாக வரும். உங்களுக்கான இடம் பேஜ் 4இல் தொடங்குகிறது. என்டேக் 213இல் 144 பைட், 215இல் 504, 216இல் 888. பேஜ் 3 டேகின் திறனைச் சொல்லும் இடம், ஒரு முறை 1 ஆன பிட் திரும்ப 0 ஆகாது, அங்கே கை வைக்காதீர்கள்.

ஒரு வரி தமிழ் உரையை என்டெஃபாக வைத்தால் பைட் வரிசை இப்படி: முதலில் 3 (என்டெஃப் செய்தி வருகிறது), செய்தியின் மொத்த நீளம், 209 (ஒரே ஒரு சிறிய பதிவு), 1 (வகைப் பெயரின் நீளம்), உள்ளடக்க நீளம், 84 (உரை வகை), 2 (மொழிக் குறியீட்டின் நீளம்), தமிழுக்கான மொழிக் குறியீடு 116, 97, பிறகு உரை, கடைசியில் 254. உரையைத் தவிர 10 பைட் செலவு. 213இல் மிஞ்சும் 134 பைட்டில் 44 தமிழ்க் குறியீடு அடங்கும்.

அந்த 2 என்ற பைட்டின் உச்ச பிட்டை 1 ஆக்கினால் உரை யுடிஎஃப்-16 என்று பொருள். அதில் தமிழ்க் குறியீட்டுக்கு 2 பைட்தான், எனவே அதே 213இல் 67 குறியீடு வரை போகலாம். சிறிய டேகில் தமிழ் எழுதுபவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. என்டெஃபைப் படிக்கும் ஆப்கள் இதைச் சரியாகப் படிக்கின்றனவா என்று மட்டும் உங்கள் போன்களில் சோதித்துவிடுங்கள்.

சொந்தமாகப் படிக்கும் கோட் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பேஜ் 4இன் முதல் பைட் எப்போதும் 3 என்று நம்பாதீர்கள். புதிய என்டேக் 213இல் முதலில் 1 என்று தொடங்கும் 5 பைட் பூட்டுத் தகவல் இருக்கும், அதற்குப் பிறகுதான் 3 வரும். வகை, நீளம் என்று படித்து, தேவையில்லாததைத் தாண்டிப் போங்கள். மொழிக் குறியீட்டைத் தாண்ட மறந்தால் உரைக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். அது கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு முறை பார்க்கும் காட்சி.

போனிலிருந்தே கோட் மூலம் எழுதலாமா?

எழுதலாம். ஆண்ட்ராய்டில் உரைப் பதிவை உருவாக்கும் ஃபங்ஷன் சிஸ்டத்திலேயே இருக்கிறது. மொழியையும் உரையையும் கொடுத்தால் போதும். ஐபோனில் ஐஓஎஸ் 13 முதல் எழுதும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டு குரோமில் வெப் என்எஃப்சி மூலம் ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதலாம், பக்கம் எச்டிடிபிஎஸ் ஆக இருக்க வேண்டும்.

தூரத்திலிருந்து படிக்கும் யுஎச்எஃப் டேகில்?

அங்கே நினைவகம் நான்கு வங்கிகள்: ரிசர்வ்டு (பாஸ்வேர்டுகள்), இபிசி (டேகின் அடையாள எண்), டிஐடி (சிப்பின் எண்), யூசர் (உங்கள் தரவு). எழுதுவது 16 பிட் வார்த்தைகளாக, எனவே ஒற்றைப்படை நீளத்துக்கு ஒரு பைட் நிரப்ப வேண்டும். வழக்கமான இபிசி 96 பிட், அதாவது 12 ஆங்கில எழுத்து அல்லது 4 தமிழ்க் குறியீடு. உரையை இபிசியில் திணிக்காதீர்கள். ரீடர்கள் டேகை அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். இரண்டு டேகில் ஒரே பெயர் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். யூசர் வங்கி இருக்கிற டேக் வாங்கி அதில் எழுதுங்கள். எல்லா டேகிலும் அது இருக்காது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே டேகை எடுத்துவிட்டால்?

ஒரு பாதி புதியது, ஒரு பாதி பழையது என்று நிற்கும். இதற்கு நல்ல வழி என்டெஃபிலேயே இருக்கிறது: முதலில் நீளத்தை 0 என்று எழுது, பிறகு உரையை எழுது, எல்லாம் முடிந்த பிறகு உண்மையான நீளத்தை எழுது. நடுவில் டேக் போய்விட்டால் படிப்பவருக்கு வெற்று டேக் கிடைக்கும், கலப்படப் பெயர் கிடைக்காது. உங்கள் சொந்த வடிவத்துக்கும் இதையே பின்பற்றலாம், முதல் பைட்டில் நீளம் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுதியதை வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்யலாமா?

சாதாரண உரையாக எழுதினால் ரீடர் வைத்திருக்கும் யாரும் படிக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிளாசிக்கின் கீயை மாற்றினாலும் பயன் குறைவு. அதன் கிரிப்டோ1 முறை 2008க்குள் ஆய்வாளர்களால் உடைக்கப்பட்டுவிட்டது. என்டேகின் பாஸ்வேர்டு 32 பிட், அதுவும் மறைக்காமல் காற்றில் போகிறது. மற்றவர் மாற்றாமல் இருக்க வேண்டும் என்றால் என்டேகின் பூட்டு பிட்டுகளைப் போடலாம், ஆனால் பிறகு நீங்களும் மாற்ற முடியாது.

மருத்துவ விவரம், தொலைபேசி எண் போன்றவற்றை டேகில் எழுதாமல் ஒரு எண்ணை மட்டும் எழுதிவிட்டு, விவரத்தை உங்கள் டேட்டாபேஸில் வையுங்கள். நெட்வொர்க் இல்லாத இடத்தில் படித்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் உரையை மறையாக்கம் செய்து எழுதுங்கள்.

எத்தனை முறை மாற்றி எழுதலாம்?

என்டேக் 21எக்ஸ் வரிசைக்கு 1,00,000 முறை, தரவு 10 ஆண்டு நிற்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். பெயர் எழுத இது ஏராளம். ஆனால் லூப்பில் டேக் தெரியும்போதெல்லாம் எழுதும்படி கோட் போட்டு, டேகை ரீடர் மேலேயே விட்டுவிட்டால் இந்த எண்ணை ஒரு நாளுக்குள்ளேயே தொட்டுவிட முடியும். படித்துப் பாருங்கள், மாறியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் கோட் காட்டும் யுஐடியும் பொருந்தவில்லையே?

பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். யுஐடியின் 4 பைட்டை ஒரே தசம எண்ணாக அச்சிட்டிருப்பார்கள், சிலர் பைட் வரிசையைத் தலைகீழாக்கியும் அச்சிடுவார்கள். நேராக ஒரு முறை, திருப்பிப் போட்டு ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். ஆர்டுயினோவில் குறியில்லாத 32 பிட் மாறியில் கணக்கிடுங்கள், இல்லாவிட்டால் எதிர்மறை எண் வந்து நிற்கும்.